தொழில்: ஏலக்காய்த் தோட்டக் கூலி

சட்டம் படித்து முடித்தால் வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஐந்து வருடப் படிப்பு முடிந்து, கடைசித் தேர்வின் முடிவும் வந்தபிறகுதான் இன்னும் பாதிக் கிணறு பாக்கியிருப்பது தெரிந்தது. அந்தப் பாதி முழுக்கக் காகிதம். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று, கல்லூரி மாற்றுச் சான்று, தற்காலிகப் பட்டச் சான்று, என் நடத்தைக்குச் சாட்சி சொல்லி இரண்டு வக்கீல்கள் தரும் கடிதம், காவல் நிலையத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அறிக்கை. இதற்கெல்லாம் மேலே, என்மேல் வழக்கு எதுவும் இல்லை, நான் வேறு எந்த வேலையிலும் தொழிலிலும் இல்லை என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி. இத்தனையும் சென்னைக்குப் போய், பார் கவுன்சில் ஒப்புக்கொண்டால்தான் பெயர் பதிவாகும். பெயர் பதிவானால்தான் கறுப்புக் கோட்டு. கோட்டு மாட்டியபிறகும் விடமாட்டார்கள், அகில இந்திய அளவில் ஒரு தேர்வு உண்டு, அதை இரண்டு வருடத்துக்குள் பாஸ் பண்ண வேண்டும்.

வரிசையில் நிற்கும் பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்த மாதம் போடியில் இருக்கிற எல்லா ஜெராக்ஸ் கடைக்காரர்களோடும் ஒருமுறையாவது சண்டை போட்டிருப்பேன். ஒருவழியாக எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியாயிற்று. காவல் நிலைய அறிக்கை மட்டும் தனியாக, நேராகச் சென்னைக்குப் போனது. அது என் கண்ணில் படவே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவு செய்யும் நாளைச் சொல்லப்போகிறார்கள் என்று ஆசையாகப் பிரித்தேன். காவல் துறை அறிக்கையில் என் தொழில் 'ஏலக்காய்த் தோட்டக் கூலி, கேரளம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது, நான் கொடுத்த உறுதிமொழியோ வேறு வேலை எதிலும் இல்லை என்கிறது, இதற்கு நேரில் விளக்கம் தரவேண்டும் என்று இருந்தது. படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாழ்நாளில் நான் ஒரு ஏலக்காயைக் கூடச் செடியிலிருந்து பறித்ததில்லை. அடுத்த நிமிடமே சிரிப்பு போய்க் கோபம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

விசாரணைக்கு வந்த ஏட்டு நல்ல மனிதர். நான் போட்ட சத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "உக்காரும்மா" என்றார். "நானா எழுதல. நான் சாயங்காலமா வந்தப்ப நீ வீட்ல இல்ல. பொண்ணு என்ன சோலி பாக்குதுன்னு ஒங்கம்மாட்ட கேட்டேன். தோட்டத்துல வேலைன்னு சொன்னாங்க. எனக்கே சந்தேகமாப் போயி, வக்கீலுக்குப் படிச்ச பொண்ணுதானேன்னு ரெண்டாந்தடவையும் கேட்டேன். அதேதான் சொன்னாங்க."

அம்மா போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இருக்கும் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தாள். விடிகாலை ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்று சாயங்காலம் ஜீப் நிற்கும் இடத்திலேயே போய் நின்றேன். அவள் இறங்குவதற்குள் கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டாள். "வீட்டுக்குப் போயிப் பேசுவம் ஆத்தா" என்றாள்.

அவள் சொன்னதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா சிறுமியாக இருந்தபோதே தோட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சின்னப் பிள்ளை என்றால் முழு ஆள் வேலை தரமாட்டார்கள் என்பதால், பெயர் எழுதும்போது வயதைக் கூட்டி எழுதினார்கள். அந்தக் காலத்தில் அப்படி வயது கூடாத பிள்ளையே அந்த ஜீப்பில் கிடையாதாம். கூட்டியது கூட்டியபடியே நின்றுவிட்டது. அதனால் உடம்புக்கு ஐம்பத்திரண்டு ஆகும்போது தோட்டத்துப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது நான் பன்னிரண்டாவது முடித்து, சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த சமயம்.

ஓய்வுபெறுகிறவரின் இடத்துக்கு அவர் பிள்ளைகளில் ஒருவரை எடுத்துக்கொள்வது அந்த மலையில் வழக்கம். பிள்ளை வராவிட்டால் இடம் போய்விடும். எனவே பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரில் பெற்றவளே தொடர்ந்து வேலைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மானேஜருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அம்மா என் பெயரைக் கொடுத்திருந்தாள். ஐந்து வருடமாக, நான் கல்லூரியில் இருந்த ஒவ்வொரு நாளும், என் பெயர் ஏலத்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தது.

"என் கையெழுத்து இல்லாம எப்படிம்மா எழுதுனாங்க?" என்று கேட்டேன்.

"நீதானே போட்ட. பி.எப். காகிதம், வெரசாப் போடு, ஜீப்பு நிக்குதுன்னு சொன்னேன். போட்டுட்டுப் போயிட்ட."

ஞாபகம் வந்தது. காகிதத்தின் மேல் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேரப்போகிற பெண், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நாலு நாள் கேலி செய்திருப்பேன்.

"சரி, ஏட்டுகிட்ட ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நோட்டும் பேனாவுமா எவன் வந்து ஒம்பேரச் சொல்லிக் கேட்டாலும், தோட்டத்துல வேலை பாக்குறான்னு சொல்லணும்னு மானேஜரு சொல்லி வச்சிருந்தாரு. லேபர் ஆபீசுலருந்து வருவாங்களாம். அஞ்சு வருசமா அதத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அவரு நோட்டத் தொறந்தாரு. வாயில வந்துருச்சு."

நான் கத்தினேன். என் படிப்பையே கெடுத்துவிட்டாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா கால் விரல்களுக்கிடையே ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் வாய் நின்றுபோயிற்று. அந்த அட்டை கடித்திருக்க வேண்டியது பதிவேட்டின்படி என்னைத்தான்.

மறுநாள் போடி நீதிமன்றத்தில் எனக்கு நடத்தைச் சான்று கொடுத்திருந்த வக்கீல் அக்காவிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது ஒண்ணுமில்ல பாப்பா" என்றார். "அம்மா பதட்டத்துல ஒளறிட்டாங்கன்னு சொல்லி, ஏட்டுகிட்ட ஒரு திருத்த அறிக்கை வாங்கிரலாம். ஒரு வாரத்துல முடிஞ்சிரும்."

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் அந்த யோசனையோடேயே சுற்றினேன். ஆனால் பயமும் இருந்தது. என் பெயரில், என் ஆதார் எண்ணோடு பி.எப். கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு என்னைப் பிடிக்காத எவனாவது அதை எடுத்து நீட்டினால், உறுதிமொழியில் பொய் சொன்னவள் என்று கோட்டைக் கழற்றிவிடுவார்கள். முழுநேர வேலையில் இருந்தவள் எப்படி முழுநேரக் கல்லூரியில் படித்தாள் என்று பட்டத்தையே கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் கணக்குப் போட்டு வந்த பயம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. 'அம்மா உளறிவிட்டாள்' என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. அவள் உளறவில்லை. அந்த ஐந்து வருட வேலையை அவள் பார்த்தாள் என்று சொல்ல உலகத்தில் ஒரு காகிதம்கூட இல்லை, அதை உளறல் என்று நானே எழுதிக் கொடுப்பதா?

"உண்மையச் சொல்லப் போறேன்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப நீ அங்க இல்லன்னு நிரூபிக்கணும். இல்லங்கறத நிரூபிக்கிறதவிடக் கஷ்டமான சோலி சட்டத்துல கிடையாது. தெரியும்ல?"

கல்லூரி வருகைப் பதிவு என்னிடம் இருந்தது. அது நான் கல்லூரியில் இருந்ததைச் சொல்லும். தோட்டத்தில் இருந்தது யார் என்பதைத் தோட்டம்தான் சொல்லவேண்டும். அங்கே ஆள் வந்ததைக் குறிக்கும் பதிவேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. அப்படியென்றால் என் பெயருக்கு நேரே ஐந்து வருடமாக விழுந்திருப்பது கைநாட்டு. இது புத்தியில் பட்டபோது நான் நடுவீதியில் நின்று சிரித்தேன். சட்டம் படித்தவள் எவளாவது மாதாமாதம் கைநாட்டு வைப்பாளா?

அடுத்த நாள் விடியற்காலை அம்மாவோடு நானும் ஜீப்பில் ஏறினேன். பத்துப் பேர் உட்காரவேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர் இருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் யார் மடியிலாவது போய் விழுந்தேன். யாருக்கும் என்னை அறிமுகம் செய்யவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முன்னால் இருந்த ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, "அஞ்சு வருசமா பேரு மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கித்தான் ஆளு வருது" என்றாள். ஜீப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு இத்தனை சிநேகிதிகள் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

மானேஜர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "மோளே, செக்ரோல் எல்லாம் வெளியாளுக்குக் காட்டான் பற்றில்ல, காட்ட முடியாது. தோட்டத்து வேலைக்காரருக்கு மட்டுந்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சரிங்க சார். நான் தோட்டத்து வேலைக்காரி இல்லேன்னா, எம் பேரு ஏன் உங்க செக்ரோல்ல இருக்கு? அதுக்கு நீங்க பதில் சொல்லணும். நான் தோட்டத்து வேலைக்காரிதான்னா, எம் பேருக்கு நேரே இருக்கறதுக்கு நகல் கேக்க எனக்கு உரிமை இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "நகல் தரலாம். பின்னே இந்தப் பேரு இங்கே நிக்காது. நாளைக்கு நீ வேலைக்கு வரவும் முடியாது. ஆலோசிச்சுச் சொல்லு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. வேண்டாம் சார், நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"குடுங்க சார்" என்றாள். "அந்தப் பேரு அவ சோலிக்கு வேணும்."

அறுபது மாதத்துக்கான நகல். ஒவ்வொரு மாதத்துக்கும் என் பெயர், எதிரே ஒரு கைநாட்டு. ஜெராக்ஸ் மெஷின் சூட்டோடு வந்த அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். அம்மா அன்று வழக்கம்போல் களை எடுக்கப் போய்விட்டாள். கடைசி நாள் கூலியை விடமாட்டாள்.

பார் கவுன்சில் விசாரணைக்கு இரண்டு பேருமே போனோம். போடியிலேயே ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கினோம். அம்மா சென்னையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உயர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடிய பெண்களையெல்லாம் நின்று நின்று பார்த்தாள்.

ஒரு நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பெரியவர்கள். என் கோப்பைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் முதலில் கல்லூரி வருகைப் பதிவை வைத்தேன். பக்கத்திலேயே செக்ரோல் நகலை வைத்தேன். நான் தேர்வு மண்டபத்தில் இருந்த நாட்களை மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தேன். அந்த நாட்களில் தோட்டத்திலும் என் பெயருக்கு 'வந்தார்' என்று இருந்தது. ஒருத்தி ஒரே நேரத்தில் மலைமேலும் மலைக்குக் கீழும் இருக்க முடியாது என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். தெரியுமா?"

"தெரியும் சார். தப்புதான். அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நான். படிக்காமப் போட்டேன். அத மறைக்கணும்னா ஏட்டு தப்பா எழுதிட்டாருன்னு ஒரு தாள் வாங்கிட்டு வந்திருப்பேன். உறுதிமொழியில நான் எந்த வேலையிலயும் இல்லன்னு எழுதியிருக்கேன். அது பொய்யான்னுதான் உங்க கடிதம் கேக்குது. பொய்யில்லங்கறதுக்கு அறுபது கைநாட்டு இருக்கு. செக்ரோல்ல என்னோட கையெழுத்து ஒண்ணுகூட இல்ல."

பேசப் பேச உள்ளுக்குள் ஒரு தைரியம் ஏறிக்கொண்டே வந்தது. இதற்காகத்தானே படித்தோம் என்று தோன்றியது.

ஓரத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, மை டப்பாவைத் திறந்து வைத்து, அம்மாவைப் பெருவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். அவர் நகலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பெருவிரலின் குறுக்கே ஒரு பழைய அரிவாள் வெட்டு அம்மாவுக்கு உண்டு. அது எல்லா மாதத்திலும் இருந்தது.

நடுவில் இருந்தவர் அம்மாவிடம் கேட்டார். "ஏம்மா, படிக்கிற பொண்ணோட பேரை இப்படிக் கெடுக்கலாமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஜீப்பிலும் மானேஜர் அறையிலும் நான் பார்க்காத ஒரு பார்வை அது.

"கெடுக்கலிங்கய்யா. அஞ்சு வருசத்துல அந்தப் பேருக்கு ஒருநா லீவு விழுகல. களை வெட்டுல, காயெடுப்புல, அந்தப் பேரச் சொல்லி ஒரு குத்தம் சொல்லச் சொல்லுங்க பாப்பம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் தாளால் வாயை மறைத்துக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் அழுகை வந்தது. அடக்கவில்லை.

பி.எப். அலுவலகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதி, என் பெயரிலுள்ள கணக்கை முடித்துவிட்டு, அதன் நகலோடு வரச் சொன்னார்கள். அதைக் கொடுத்தால் அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்வதாக உத்தரவு எழுதினார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "சரின்னுட்டாங்களா?" சரி என்றுவிட்டார்கள் என்றேன். "அப்ப வா, பசிக்குது" என்றாள்.

பதிவு நாளில் நூற்றுக்கணக்கான பேரோடு எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தேன். இரவல் கோட்டு இல்லை, எனக்கென்று தைத்தது. அடுத்த சில மாதங்கள் அந்த அகில இந்தியத் தேர்வுக்குப் படித்தேன். மதுரையில் மையம் போட்டிருந்தார்கள். குறிப்பெதுவும் எழுதாத சட்டப் புத்தகங்களை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். வக்கீல் வேறு வேலையில் இருக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. நான் சிரித்த சிரிப்பில் கண்காணிப்பாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார். புத்தகத்தைத் திறக்காமலே விடையைக் குறித்தேன். தேர்ச்சி என்று முடிவு வந்தது.

அம்மா இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். காயெடுப்புப் பருவம் வந்ததும் மானேஜரே ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். அவளைப்போல் பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்கிற கை இல்லையாம். இந்த முறை தற்காலிகக் கூலிதான், ஆனால் அவள் பெயரிலேயே. எனக்கு அந்தச் செய்தி தேர்வு முடிவுக்குச் சற்றும் குறையாத வெற்றியாக இருந்தது.

போடி நீதிமன்றத்தில் நான் தனியாக எழுந்து நின்ற முதல் நாள், ஒரு ஜீப்புக்காக. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதாகப் பிடித்து வைத்திருந்த வண்டியைத் திருப்பித் தரக் கேட்கும் மனு. வண்டி அம்மா போகிற ஜீப்தான். குற்றம் நடந்ததை நான் மறுக்கவில்லை, அபராதம் கட்டத் தயார், ஆனால் வண்டி வெயிலில் நின்றால் பதினெட்டுப் பேருக்கு வேலைக்குப் போக வழியில்லை என்றேன். நீதிபதி எண்ணிக்கையைக் கேட்டதும் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு வண்டியை விடச் சொல்லி உத்தரவிட்டார். பின்வரிசையில் அம்மாவும் ஜீப்பில் வரும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"புதுசா வந்திருக்கீங்க. உத்தரவுல எழுதணும், உங்க பேர் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

சொன்னேன். கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெயரில் நான் பார்த்த முதல் வேலை அது.